59 லட்சம் டன் லித்தியம் இருந்தும் ரியாசியை ஏன் யாரும் ஏலத்தில் எடுக்கவில்லை?

கேள்வி இது: "2023-இல் ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியம் கண்டுபிடிக்கப்பட்டதாகப் பெரிய செய்தி வந்தது. பிறகு ஏலம் விட்டபோது எடுக்க ஆளில்லை என்கிறார்கள். அங்கே லித்தியம் இருக்கிறதா, இல்லையா? ஒரு கனிமப் படிவத்தை எப்படித் தேடி, அளந்து, விலை போடுகிறார்கள்? சுற்றுச்சூழல் அந்தக் கணக்கில் எங்கே வருகிறது?"

லித்தியம் இருக்கிறது. ஆனால் 59 லட்சம் டன் என்பது லித்தியத்தின் எடை இல்லை. லித்தியம் கலந்து கிடக்கும் தாதுவின் எடை. 2023 பிப்ரவரி 9-ஆம் தேதி வந்த அறிவிப்பில் இருந்தது, சலால்-ஹைமனா பகுதியில் இந்தியப் புவியியல் ஆய்வு மையம், அதாவது ஜிஎஸ்ஐ, ஜி-3 நிலை ஆய்வில் மதிப்பிட்ட "ஊகிக்கப்பட்ட வளம்". செய்தியாகிப் பரவியபோது "ஊகிக்கப்பட்ட" என்பதும் "தாது" என்பதும் உதிர்ந்துவிட்டன. பல ஊடகங்கள் சிலியின் சுமார் 93 லட்சம் டன்னோடு இதை வரிசைப்படுத்தி, உலகின் முன்னணி லித்திய நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று எழுதின. சிலியின் எண் தாதுவைக் குறிப்பதல்ல. அது பிரித்தெடுக்கத்தக்க லித்திய உலோகத்தின் எடை. இரண்டையும் ஒரே பட்டியலில் வைக்கவே கூடாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ரியாசித் தாதுவின் தரம் 500 பிபிஎம்-க்கு மேல் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 500 பிபிஎம் என்றால் ஒரு டன் தாதுவில் அரை கிலோ லித்தியம். 59 லட்சம் டன்னுக்கு 2,950 டன் லித்தியம் வருகிறது. சந்தையில் விற்கிற லித்தியம் கார்பனேட்டாக மாற்றினால் கிட்டத்தட்ட 15,700 டன். ஆலையில் நூற்றுக்கு எழுபது மீட்டெடுக்க முடிந்தால் 11,000 டன். ஒரு மின்சாரக் காருக்கு ஐம்பது கிலோ என்று வைத்தால் இரண்டு லட்சத்துச் சொச்சம் கார்கள். இந்தியாவில் ஓராண்டில் விற்கும் பயணிகள் கார்கள் இதைப் போலப் பல மடங்கு. தரத்தை 800 பிபிஎம் என்று தாராளமாக எடுத்தாலும் படம் பெரிதாக மாறாது. லட்சக்கணக்கான கோடி ரூபாய்ப் புதையல் என்று எழுதியவர்கள், 59 லட்சம் டன்னையும் அப்படியே லித்திய விலையால் பெருக்கிவிட்டார்கள். டன் ஒன்றுக்கு 10,000 டாலர் என்ற விலையில் 11,000 டன் கார்பனேட் விற்றால் வருவது ஆயிரம் கோடி ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. அது லாபமும் அல்ல, செலவுகளைக் கழிக்காத மொத்த விற்பனை.

சரி, ஜி-3 என்றால் என்ன?

கனிமத் தேடல் படிப்படியாக வட்டத்தைச் சுருக்கும் வேலை. இந்தியாவில் 2015-ஆம் ஆண்டு விதிகள் நான்கு நிலைகளை வகுத்திருக்கின்றன. ஜி-4 என்பது மேலோட்டப் பார்வை: பழைய வரைபடம், வானிலிருந்து எடுத்த காந்த அளவீடு, ஓடைப் படுகையின் மண் மாதிரி, வெளியே தெரியும் பாறையில் தட்டி எடுத்த சில்லு. ஜி-3-இல் சில குழிகளும் அகழிகளும் அகலமான இடைவெளியில் சில துளைகளும் சேரும். ஜி-2-இல் துளைகள் நெருங்கும். ஜி-1-இல் படிவத்தின் எல்லை, தடிமன், தரம், உடைப்பு, மடிப்பு எல்லாம் சுரங்கத் திட்டம் போடும் அளவுக்குத் தெளிவாகும். எண் குறையக் குறைய நம்பிக்கை கூடும். சலால் பாக்சைட்டில் லித்தியத் தடயம் உண்டு என்பதை ஜிஎஸ்ஐ 1990-களிலேயே பதிவு செய்திருந்தது. ஆகவே "கண்டுபிடிப்பு" என்ற தலைப்பே கொஞ்சம் மிகை. பழைய தடயத்தை அடுத்த படிக்கு எடுத்துச் சென்றார்கள் என்பதுதான் சரி.

துளை போட்டு எடுக்கும் உருளை வடிவப் பாறையைக் களத்தில் "கோர்" என்பார்கள். வழக்கமான ஓர் அளவில் அதன் விட்டம் ஐந்து சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. நூறு மீட்டருக்கு ஒரு துளை என்று கட்டம் போட்டால், ஒவ்வொரு துளையும் தன்னைச் சுற்றியுள்ள 10,000 சதுர மீட்டருக்குச் சாட்சி சொல்ல வேண்டும். பரப்பளவில் பார்த்தால் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான பாறையைத்தான் நாம் கையில் தொட்டிருக்கிறோம். அதையும் நீளவாக்கில் இரண்டாக அறுத்துப் பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் வைத்துவிடுவோம். நம் ஊரில் வீட்டுக்குப் போர் போட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும்: பக்கத்து வீட்டில் 200 அடியில் தண்ணீர், நம் வீட்டில் 600 அடியிலும் புகைதான். பாக்சைட், நிலக்கரி போன்ற அடுக்குப் படிவங்கள் ஓரளவு நம்பகமானவை, துளைக்கும் துளைக்கும் இடையில் அதிகம் ஏமாற்றாது. தங்கம் அப்படியில்லை. ஒரு கோரில் ஒரு சின்னத் தங்கத் துணுக்கு சிக்கினால் தரம் விண்ணைத் தொடும். ஒரு கை தள்ளிப் போட்டிருந்தால் ஒன்றும் இருந்திருக்காது.

அதனால்தான் இந்தத் தொழிலில் இயந்திரத்தைவிட ஒழுங்குமுறை முக்கியம். ஆய்வகத்துக்குப் போகும் மாதிரிகளுக்கு நடுவே, தரம் ஏற்கெனவே தெரிந்த சான்று மாதிரிகளையும், கனிமமே இல்லாத வெற்று மாதிரிகளையும், ஒரே மாதிரியின் இரட்டைகளையும் சொல்லாமல் செருகி அனுப்புவார்கள். வெற்று மாதிரியில் தங்கம் காட்டினால் அந்தத் தொகுதி மாதிரிகள் அத்தனையும் சந்தேகத்துக்குரியவை. யார் மாதிரி எடுத்தார்கள், யார் பூட்டினார்கள், எந்த வண்டியில் போனது என்பதற்கும் பதிவேடு உண்டு.

இந்தக் கெடுபிடி எல்லாம் சும்மா வரவில்லை. 1990-களில் பிரி-எக்ஸ் என்ற கனடா நிறுவனம் இந்தோனேசியாவின் கலிமந்தான் காட்டில் பூசாங் என்ற இடத்தில் தங்கம் கிடைத்ததாக அறிவித்தது. ஒவ்வொரு அறிக்கையிலும் அளவு ஏறியது. கடைசியில் 7 கோடி அவுன்ஸுக்கும் மேல். சில சென்ட்டுகளில் இருந்த பங்கு உச்சத்துக்குப் போய், நிறுவனத்தின் சந்தை மதிப்பு சுமார் 600 கோடி கனடிய டாலரை எட்டியது. ஓய்வூதிய நிதிகள்கூட வாங்கிக் குவித்தன. 1997-இல் கூட்டாளியாக வரவிருந்த ஃப்ரீபோர்ட்-மெக்மோரான் நிறுவனம் பழைய துளைகளின் பக்கத்திலேயே தன் சொந்தத் துளைகளைப் போட்டது. சொல்லும்படி தங்கமே இல்லை. அந்த மார்ச்சில் திட்டத்தின் முக்கியப் புவியியலாளர் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்தார். மே மாதம் வந்த சுயேச்சை அறிக்கை, மாதிரிகளில் வெளித் தங்கம் தூவப்பட்டிருந்ததை உறுதி செய்தது. தங்கத் துகள்களின் விளிம்பு ஆற்றில் உருண்டு மழுங்கியதுபோல இருந்தது. பாறைக்குள்ளேயே இருந்த துகள் அப்படி மழுங்காது. இன்னொரு அடையாளமும் ஆரம்பத்திலிருந்தே கண் முன்னால் இருந்தது: கோரைப் பாதியாக அறுத்து வைக்காமல் முழுவதையும் நொறுக்கி ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். மறுபாதி இல்லையென்றால் மறுபரிசோதனை எப்படிச் செய்வது? அதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

அதன் பிறகு 2001-இல் கனடாவில் 43-101 என்ற ஒழுங்குமுறை வந்தது. ஆஸ்திரேலியாவின் ஜோர்க் விதித்தொகுப்பு 1989-லிருந்தே இருக்கிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: கணக்குக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுகிற ஒரு தகுதியான ஆள் வேண்டும், அவர் பெயர் வெளியே தெரிய வேண்டும், எப்படி மாதிரி எடுத்தார் என்று எழுத வேண்டும். இந்தியாவும் 2019-இல் இதே குடும்பத்தில் சேர்ந்து, ஐஎம்ஐசி என்ற விதித்தொகுப்பை ஏற்றது. ஆனால் அரசு ஏலங்களில் இன்றும் ஓடுவது ஐநாவின் யுஎன்எஃப்சி வகைப்பாட்டைத் தழுவிய முறை. அதில் ஒரு படிவத்துக்கு மூன்று இலக்கம்: பொருளாதாரம், சாத்தியக்கூறு, புவியியல். மூன்றும் 1 என்றால், 111, நிரூபிக்கப்பட்ட இருப்பு, அதாவது லாபத்தோடு வெட்டி எடுக்கலாம் என்று காட்டப்பட்ட பங்கு. ரியாசியின் ஊகிக்கப்பட்ட வளம் 333. மூன்று கேள்விக்கும் பதில் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

துளைத் தரவு வந்ததும் கணினியில் படிவத்தைச் சின்னச் சின்னக் கட்டிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தரம் ஊகிக்கிறார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிக் 1950-களின் தொடக்கத்தில் ஆரம்பித்து வைத்த புள்ளியியல் முறை இது. அவர் பெயராலேயே "கிரிகிங்" என்கிறார்கள். அழகான கணிதம்தான். ஆனால் திரையில் வண்ண வண்ணமாகச் சுழலும் அந்த முப்பரிமாணப் படத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. எத்தனை துளையிலிருந்து வந்த படம் என்று முதலில் கேளுங்கள்.

வளமும் இருப்பும் எவ்வளவு விலகியிருக்கும் என்பதற்கு செர்பியாவின் ஜடார் நல்ல உதாரணம். அங்கே ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம் 2004-இல் லித்தியமும் போரானும் சேர்ந்த புதுக் கனிமம் ஒன்றைக் கண்டது. 2020 டிசம்பரில், அதாவது பதினாறு ஆண்டுத் துளையிடலுக்கும் சோதனைக்கும் பிறகு, "இருப்பு" என்று அது அறிவித்தது 1.66 கோடி டன். அதற்கு வெளியே "வளம்" என்று நின்றுவிட்டது கிட்டத்தட்ட 13.9 கோடி டன். இருப்பின் தரம் 1.81 சதவீதம் லித்தியம் ஆக்சைடு. உலோகமாகக் கணக்கிட்டால் ரியாசியின் 500 பிபிஎம்மைப் போலக் கிட்டத்தட்டப் பதினேழு மடங்கு. இவ்வளவு வளமான படிவத்துக்கே அத்தனை ஆண்டுகள். அதுவும் 2022 ஜனவரியில் மக்கள் போராட்டத்தால் அனுமதி ரத்தாகி, 2024-இல் நீதிமன்றம் வழி திறந்த பிறகும் தெருவில் எதிர்ப்பு ஓயவில்லை.

வளம் இருப்பாக மாற என்ன வேண்டும்? வெட்டி எடுத்து, பிரித்து, விற்று, செலவு போக மிச்சம் நிற்கும் என்று காட்ட வேண்டும். இங்கே வெட்டுத் தரம் என்ற ஒன்று வருகிறது: அதற்குக் கீழே இருக்கும் பாறையைத் தோண்டினால் நஷ்டம் என்கிற கோடு. உலோக விலை ஏறினால் கோடு இறங்கும், ஒரு கல்லும் நகராமலே இருப்பு பெருகும். விலை சரிந்தால் நேர்மாறு. கோலாரில் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போய்விட்ட சுரங்கத்தை 2001 பிப்ரவரியில் மூடியபோது உள்ளே தங்கம் தீர்ந்துவிடவில்லை. அவுன்ஸ் 260 டாலர் சொச்சம் விற்ற காலத்தில், அவ்வளவு ஆழத்திலிருந்து எடுத்துக் கட்டுபடியாகவில்லை. இன்று அதே ஊரின் கழிவு மண் மேடுகளுக்கே ஆள் தேடுகிறார்கள்.

ரியாசியில் இதற்கும் முந்தைய கேள்வியே நிற்கிறது: லித்தியத்தைத் தாதுவிலிருந்து பிரிப்பது எப்படி? ஆஸ்திரேலியாவில் ஸ்போடுமீன் என்ற பாறைக் கனிமத்திலிருந்து எடுக்கிறார்கள்: நொறுக்கி, மிதக்கவிட்டுச் செறிவாக்கி, ஆயிரம் டிகிரிக்கு மேல் வறுத்து, அமிலத்தில் கரைக்கிறார்கள். சிலியில் உப்பு நீரை வெயிலில் காயவைக்கிறார்கள். ரியாசியில் லித்தியம் பாக்சைட்டோடு கிடக்கும் களிமண்ணில் இருக்கிறது. களிமண்ணிலிருந்து வணிக அளவில் லித்தியம் எடுக்கும் முறை, ஏலம் விட்ட நேரத்தில், உலகில் எங்கும் நிலைபெற்றிருக்கவில்லை. அமெரிக்காவின் நெவாடாவில் தாக்கர் பாஸ் என்ற களிமண் திட்டத்துக்கே 2023-இல்தான் கட்டுமானம் தொடங்கியது. நூற்றுக்கு எத்தனை மீளும் என்பதைச் சில டன் தாதுவை வைத்து ஆலைச் சோதனை செய்துதான் சொல்ல முடியும். அது தெரியாமல் முதலீடு செய்யச் சொன்னால் யார் வருவார்கள்?

2023 நவம்பர் 29-இல் தொடங்கிய முதல் சுற்றில் 20 முக்கியக் கனிமத் தொகுதிகள் ஏலத்துக்கு வந்தன. ரியாசிக்குத் தேவையான மூன்று தகுதியான விண்ணப்பங்கள் சேரவில்லை. 2024 மார்ச்சில் ரத்து. உடனே மறுபடி அறிவித்தார்கள், அப்போதும் ஆளில்லை. மேலும் ஆய்வு செய்த பிறகே ஏலம் என்ற முடிவுக்கு அரசு வந்தது. என்னைக் கேட்டால் அந்த முடிவு முதலிலேயே வந்திருக்க வேண்டும்.

நேரமும் கூடவில்லை. 2022 நவம்பரில் சீனச் சந்தையில் லித்தியம் கார்பனேட் டன்னுக்கு 6 லட்சம் யுவானை நெருங்கியது. ஏலம் ரத்தான சமயத்தில் ஏறத்தாழ 1 லட்சம். உச்ச விலையில் பிறந்த உற்சாகத்தை அடிமட்ட விலையில் விற்கப் பார்த்தார்கள்.

இனி விலை போடும் விதம். உற்பத்தியில் இருக்கும் சுரங்கத்துக்கும் சாத்தியக்கூறு அறிக்கை முடித்த திட்டத்துக்கும் எதிர்காலப் பணவரவை ஆண்டுவாரியாக எழுதி, வட்டி கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவார்கள். தேடல் நிலையில் உள்ள படிவத்துக்கு அதைச் செய்தால் அது கற்பனைக் கணக்கு. அங்கே இரண்டு வழிதான்: இதுவரை பயனுள்ள ஆய்வுக்குச் செலவானது எவ்வளவு என்று பார்ப்பது, அல்லது இதே வகை, இதே நிலைப் படிவம் வேறெங்கே என்ன விலைக்குக் கைமாறியது என்று பார்ப்பது. ஜோர்க் விதிப்படி ஊகிக்கப்பட்ட வளத்தை நேராக இருப்பாக்க முடியாது. இடையில் துளையிட்டு நம்பிக்கையை உயர்த்தியே ஆக வேண்டும். ஆகவே "இந்தப் படிவத்தின் மதிப்பு இத்தனை ஆயிரம் கோடி" என்று ஜி-3 நிலையில் யாராவது சொன்னால், பேசாமல் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

இந்திய முறையில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஏலத்தில் கேட்பது, வெட்டி அனுப்பும் கனிமத்தின் மதிப்பில் எத்தனை சதவீதத்தை அரசுக்குத் தருவாய் என்பது. லாபத்தில் பங்கு அல்ல, விற்பனை மதிப்பில் பங்கு. ராயல்டி தனி. சத்தீஸ்கரின் கட்கோரா லித்தியத் தொகுதி 2024-இல் 76.05 சதவீதத்துக்குப் போனது. ஒடிசாவின் 2020 இரும்புத்தாது ஏலங்களில் 100 சதவீதத்தைத் தாண்டியும் கேட்டார்கள். கஜானாவுக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இப்படிப்பட்ட பங்கு ஒவ்வொரு டன்னின் மேலும் செலவாக ஏறி வெட்டுத் தரத்தை மேலே தள்ளிவிடும். குத்தகைக்காரர் நல்ல தாதுவை மட்டும் பொறுக்கிக்கொண்டு நடுத்தரத் தாதுவைக் கழிவோடு கொட்டுவார், அல்லது கட்டாமல் ஒப்படைத்துவிட்டுப் போவார். ஒரு முறை கழிவுக்குள் புதைந்த நடுத்தரத் தாதுவைப் பிறகு யாரும் எடுக்கப் போவதில்லை. கனிமத்தை வீணாக்காமல் எடுப்பதும் நிலைத்த சுரங்கத் தொழிலின் ஒரு பாதி என்று நினைப்பவன் நான். அந்தப் பாதியை இந்த ஏல முறை கெடுக்கிறது.

மறுபாதிக்கு வருகிறேன். சுற்றுச்சூழல் என்பது சுரங்கம் தீர்மானமான பிறகு அனுமதி வாங்கச் சேர்க்கும் கோப்பு என்ற எண்ணம் நம் அலுவலகங்களில் இன்னும் இருக்கிறது. உண்மையில் அது முதல் கோர்ப் பெட்டியிலேயே தொடங்க வேண்டும். நல்ல குழுக்களின் கணினிக் கட்டி மாதிரியில் உலோகத் தரத்தோடு கந்தகத்துக்கும் ஆர்செனிக்குக்கும் சுண்ணாம்புக்கும் தனித்தனிப் பத்தி இருக்கும். சல்ஃபைடு நிறைந்த பாறை வெளியே வந்து காற்றும் மழையும் பட்டால் அமிலமாகக் கசியும், கூடவே கன உலோகங்களைக் கரைத்துக்கொண்டு போகும். எந்தக் கட்டி அமிலம் கக்கும், எது அதைச் சமன்செய்யும் என்று முன்பே தெரிந்தால் கழிவு மேட்டை அதற்கேற்ப அடுக்கலாம். மாதக்கணக்கில் ஈரமாக்கி உலர்த்திப் பார்க்கும் சோதனை அது. செலவு பெரிதில்லை, பொறுமைதான் வேண்டும். அதேபோல முதல் துளை இயந்திரம் இறங்கும் முன்பே சுற்றுவட்டாரக் கிணறு, ஓடைகளின் நீரைப் பருவத்துக்குப் பருவம் எடுத்து வைக்க வேண்டும். பின்னாளில் "இந்தக் கிணறு எப்போதும் இப்படித்தான்" என்று கம்பெனியும் "உங்களால்தான் கெட்டது" என்று ஊரும் சொல்லும்போது, அந்தப் பழைய தாளைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

மூடும் செலவு மதிப்பீட்டில் எப்படி மறைகிறது என்று பாருங்கள். முப்பது ஆண்டு கழித்துச் சுரங்கத்தை மூடிச் சீரமைக்க 100 கோடி ரூபாய் ஆகும் என்று வைப்போம். 10 சதவீத வட்டி கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் அது 5.7 கோடி. கணக்கில் தூசு. ஆகவே யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை, எதிர்காலத்தில் இருப்பவர்கள் தலையில் விழுகிறது. கனடாவின் யெல்லோநைஃப் நகரத்தை ஒட்டிய ஜயன்ட் சுரங்கம் 1948-லிருந்து 2004 வரை சுமார் 70 லட்சம் அவுன்ஸ் தங்கம் தந்தது. தாதுவை வறுத்தபோது வந்த ஆர்செனிக் டிரை ஆக்சைடு 2,37,000 டன் இன்னும் நிலத்தடி அறைகளில் கிடக்கிறது. கரையக்கூடிய விஷம் அது. நிறுவனம் 1999-இல் திவாலானது. பாறையோடு சேர்த்து அதை உறையவைத்துப் பாதுகாக்கவும் மற்றச் சீரமைப்புக்கும் 2022-இல் அரசு போட்ட மதிப்பீடு 438 கோடி கனடிய டாலர், முழுவதும் வரிப்பணம். மூடும் செலவுக்கு வட்டி கழிக்கும் விளையாட்டு வேண்டாம், வெட்ட வெட்ட டன்னுக்கு இவ்வளவு என்று தனிக் கணக்கில் பணமாகவே கட்ட வேண்டும் என்பது என் கருத்து. இந்தியாவில் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று பிணை வாங்குகிறார்கள். பரப்பளவை வைத்து அளப்பதைவிடக் கழிவின் தன்மையை வைத்து அளப்பதே பொருத்தம்.

ரியாசியைப் பொறுத்தவரை இந்தச் சுற்றுச்சூழல் கணக்குகள் எல்லாமே கனமானவை. நிலநடுக்க அபாயம் அதிகமுள்ள இமயமலை அடிவாரம். பக்கத்திலேயே செனாப் நதி, 690 மெகாவாட் சலால் அணை. 500 பிபிஎம் தாதுவில் ஒரு டன் லித்தியத்துக்கு, துளியும் வீணாகாமல் மீட்டாலே, 2,000 டன் தாதுவைக் கையாள வேண்டும். கிட்டத்தட்ட அவ்வளவும் அமிலம் பட்ட சேறாகத் திரும்பி வரும். அதைச் சரிவான மலையில் எங்கே கட்டி வைப்பது? பிரேசிலின் புருமாதினோவில் 2019 ஜனவரி 25 அன்று கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்ததற்குப் பிறகு, இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத திட்டத்துக்குப் பணம் கொடுக்க எந்த வங்கியும் யோசிக்கும். அலுமினியத்தோடு சேர்த்து எடுத்தால் கட்டுபடியாகுமா என்பது ஆராய வேண்டிய விஷயம். அந்தத் தொகுதியில் பாக்சைட்டும் டைட்டானியமும் சேர்ந்தே இருக்கின்றன.

அப்புறம் மக்கள். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் தரமானது, அளவும் போதுமானது, புவியியல் இலக்கத்தில் குறையில்லை. மலையடிவாரத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் டன் அலுமினா ஆலையை முதலில் கட்டிவிட்டார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளின் கருத்தைக் கேட்கச் சொன்னது. கேட்கப்பட்ட 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. ஆலை வேறிடத்து பாக்சைட்டை இறக்கி ஓடுகிறது. ஊர் சம்மதமும் நில உரிமையும் யுஎன்எஃப்சியின் முதல் இலக்கத்தைத் தீர்மானிப்பவை என்பதை இவ்வளவு செலவு செய்து கற்க வேண்டியதில்லை.

நம் ஊரில் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்த்தோம். மேலூர் வட்டாரத்தின் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, 2,015 ஹெக்டேர், 2024 நவம்பர் 7-இல் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போவதாக அறிவிப்பு வந்தது. அந்தக் கோட்டுக்குள் அரிட்டாபட்டி இருந்தது: 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர், சமணர் படுகை, தமிழி கல்வெட்டு, குடைவரைக் கோயில், சுனைகள், வல்லூறுகள். டிசம்பர் 9-இல் சட்டமன்றத் தீர்மானம், ஜனவரி 7-இல் மேலூரிலிருந்து மதுரைக்கு விவசாயிகளின் பெரும் பேரணி, 2025 ஜனவரி 23-இல் ஏலமே ரத்து. டங்ஸ்டன் தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். உலக உற்பத்தியில் எண்பது சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில் இருக்கிறது, அது கவலைக்குரியதுதான். ஆனால் எல்லைக் கோடு வரைந்தவர்கள் மாநில அரசின் ஓர் அறிவிக்கையைப் பார்த்திருந்தாலே போதும், வரைபடம் வேறாக இருந்திருக்கும். பாறையை அளக்க ஆகும் செலவில் சிறு பங்கு போதும், மேலே என்ன இருக்கிறது என்று அளக்க.

உங்கள் பக்கத்தில் ஏதாவது தொகுதி அறிவிக்கப்பட்டால் செய்தித்தாளோடு நிற்க வேண்டாம். ஏலங்கள் நடக்கும் எம்எஸ்டிசி தளத்தில் ஒவ்வொரு தொகுதிக்கும் சுருக்க அறிக்கை போடுகிறார்கள். அதில் ஆய்வு நிலை ஜி-4-ஆ ஜி-2-ஆ, எத்தனை துளை, மொத்தம் எத்தனை மீட்டர், சராசரித் தரம் என்ன, எந்த வெட்டுத் தரத்தில் கணக்கிட்டார்கள், பிரித்தெடுப்புச் சோதனை நடந்ததா, காடும் நீர்நிலையும் எவ்வளவு என்பதைத் தேடுங்கள். 2023 டிசம்பரில் திறந்த தேசியப் புவித் தரவுக் களஞ்சியத்தில் பதிவு செய்தால் ஜிஎஸ்ஐயின் அடிப்படைப் புவிவேதியியல் வரைபடங்களும் கிடைக்கும். துளைகளின் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் இருந்து, டன் கணக்கு மட்டும் லட்சங்களில் இருந்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வி கையில் வந்துவிட்டது.